ஸ்போர்ட்ஸ்புக்கில் திரையைப் பார்க்காதீர்கள், விலையைப் பாருங்கள்

போன வாரம் காரைக்குடியில் அக்கா வீட்டு முகப்பில் உட்கார்ந்திருந்தபோது அக்கா மகன் கேட்டான். "அம்மான், நீங்கதான் லாஸ் வேகாஸ் போய்ப் பார்த்தவராச்சே. மேட்ச் பார்க்கவும் பெட் கட்டவும் நல்ல ஸ்போர்ட்ஸ்புக்கை எப்படிக் கண்டுபிடிக்கிறது?" கையில் போன், அதில் ஏதோ ஒரு பந்தய ஆப். ஸ்போர்ட்ஸ்புக் என்றால் விளையாட்டு ஆட்டங்களுக்குப் பந்தயம் வாங்கும் கடை, வேகாஸில் பெரும்பாலும் கேசினோவுக்குள் இருக்கும். அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். அவன் வயதுப் பிள்ளைகள் இதைப் படிக்கிறீர்கள் என்று தெரியும்.

2024 ஜூனில் தம்பியைப் பார்க்கப் போயிருந்தேன். ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க்கில் இந்தியா - பாகிஸ்தான் டி20 உலகக் கோப்பை ஆட்டம், வேகாஸில் அப்போது காலை நேரம். முதலில் ஒரு பெரிய கேசினோவுக்குப் போனோம். சுவர் முழுக்கத் திரை, சாய்ந்தால் எழுந்திருக்க மனம் வராத சோபா. ஆனால் ஒரு திரையிலும் கிரிக்கெட் இல்லை, கேட்டால் முகம் கொடுத்துப் பேசவும் ஆளில்லை. கொஞ்சம் தள்ளி இன்னொரு சின்ன இடம். அங்கே கவுண்டரில் இருந்த அம்மாள் தானே ரிமோட்டை எடுத்து, மூலை டிவியில் சேனலைத் தேடிப் போட்டுக் கொடுத்தார். நாம் 119-க்குச் சுருண்டு, பும்ரா 14 ரன்னுக்கு 3 விக்கெட் எடுத்து, கடைசியில் 6 ரன்னில் ஜெயித்த ஆட்டம். பக்கத்தில் கூடைப்பந்துக்காக வந்திருந்த ஒரு பெரியவர், கடைசி ஓவரில் எங்களோடு எழுந்து நின்றுவிட்டார். ஆட்டம் பார்க்க நல்ல இடம் என்றால் எனக்கு அதுதான்.

பந்தயம் கட்ட நல்ல இடம் எது என்பது வேறு கேள்வி. அதற்குத் திரை, சோபா, இலவச பானம் எதுவும் கணக்கில் வராது. விலைதான் வரும்.

அங்கே பலகையில் விலையை '-110' என்று போட்டிருப்பார்கள். 110 டாலர் கட்டினால், ஜெயித்தால் 100 லாபம். இரண்டு பக்கமும் ஆளுக்கு 110 கட்டினால் மொத்தம் 220. ஜெயித்தவருக்கு 210 போகும், 10 டாலர் கடைக்கு. அதுதான் கழிவு. அதே ஆட்டத்துக்கு இன்னொரு கடை '-120' போட்டால் 240-இல் 20 கடைக்குப் போய்விடும். பார்க்க இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், கழிவு மட்டும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. -110-இலேயே 100 ஆட்டத்தில் 52 சரியாகச் சொன்னாலும் நஷ்டம்தான். 53 வேண்டும். காலம் முழுக்க அப்படிச் சொல்லக்கூடியவர் எத்தனை பேர்?

அன்று சாயங்காலம் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ இறுதிச் சுற்றின் இரண்டாவது ஆட்டம். பாஸ்டன் 105, டல்லாஸ் 98. ஏழு புள்ளி வித்தியாசம். பாஸ்டன் ஆறரைப் புள்ளிக்கு மேல் ஜெயிக்கும் என்று சீட்டு எடுத்திருந்தால் பணம் வந்திருக்கும். ஏழு என்று எடுத்திருந்தால் கட்டிய காசு மட்டும் திரும்பும். ஏழரை என்றால் போச்சு. கடைக்குக் கடை இந்தப் புள்ளி மாறும். அரைப் புள்ளியில் இவ்வளவு இருப்பதால்தான் விவரம் தெரிந்தவர்கள் நாலு கடை ஏறி இறங்கிப் பார்த்துவிட்டுக் கட்டுகிறார்கள்.

எங்கள் ஐயா பர்மாவில் கடை வைத்திருந்தவர். அவர் எழுதிய பேரேடு இன்னும் வீட்டு அலமாரியில் இருக்கிறது. வட்டி என்ன என்று எழுதாமல் ஒரு பற்று கூட அதில் கிடையாது. அந்த வீட்டுப் பிள்ளை, கழிவு எவ்வளவு என்று கேட்காமல் பணம் கட்டுவதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

அப்புறம் 'பார்லே' என்று ஒன்று. நாலு ஆட்டத்தைச் சேர்த்துக் கட்டுவது, நாலும் வந்தால்தான் பணம். சரிபாதி வாய்ப்புள்ள நாலு ஆட்டம் என்றால் நியாயமாகப் 16 மடங்கு தர வேண்டும். -110 விலையில் பெருக்கிப் பாருங்கள், 13 மடங்கு சொச்சம்தான் வரும். எந்தக் கடை இதையே பெரிய எழுத்தில் விளம்பரம் செய்கிறதோ, அங்கே கூடுதல் எச்சரிக்கை வேண்டும்.

கடைசியாக, பணம் எப்படித் திரும்பி வருகிறது? வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தில் சீட்டைக் கவுண்டரில் நீட்டினால் எண்ணிக் கொடுப்பார்கள். தகராறு என்றால் அந்த மாநிலத்தின் கேமிங் கட்டுப்பாட்டு வாரியத்தில் புகார் கொடுக்கலாம். அங்கே பந்தயம் சட்டப்படி நடக்கும் தொழில், 21 வயது ஆகியிருக்க வேண்டும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, "சரி, உன் ஆப்பைக் காட்டு" என்றேன். கணக்கில் 14,000 ரூபாய் காட்டியது. எடுக்கப் போனால், முதலில் 3,000 வரி கட்டச் சொல்லியது. நடத்துபவர் பெயர் இல்லை, முகவரி இல்லை, பேச ஒரு மனிதர் இல்லை.

நம் ஊரில் நல்ல ஆப், கெட்ட ஆப் என்ற பேச்சுக்கே இடமில்லை. தமிழ்நாட்டில் ஆன்லைன் சூதாட்டத்துக்குத் தனித் தடைச் சட்டமே இருக்கிறது. 2025 ஆகஸ்ட்டில் மத்திய அரசும் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்குத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். அதற்கு மேலும் போனுக்கு அழைப்பு வருகிறதென்றால், அனுப்புகிறவன் யாரென்று நீங்களே யோசியுங்கள்.

அந்த 3,000-ஐ அவன் கட்டவில்லை. ஏற்கெனவே கட்டிய பணத்துக்காக அன்று இரவே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்குப் பேசிப் புகார் பதிந்தோம். நீங்களும் மாட்டியிருந்தால் வீட்டில் யாரிடமாவது சொல்லிவிட்டு அந்த எண்ணுக்குப் பேசுங்கள், நாள் கடத்த வேண்டாம்.

அடுத்த இந்தியா ஆட்டத்துக்கு அக்கா வீட்டு முகப்பில் பெரிய திரை கட்டப் போகிறோம். வருகிறவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள். கந்தரப்பத்துக்கு எவ்வளவு அரிசி ஊறப்போடுவது என்று அக்கா கேட்கிறார்.