காவ் ஃபெராட்டை விட்டுவிட்டீர்களே!

உங்கள் பயணக் குறிப்பில், பார்சிலோனாவிலிருந்து சிட்ஜஸ் என்ற கடலோர ஊருக்குப் போய் "கடலில் ஒரு குளியல் போட்டுவிட்டுத் திரும்பிவிடலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். சரிதான், ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனால் கடலோரப் பாறைமேல் நிற்கும் தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் காவ் ஃபெராட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே! ஓவியர் சான்டியாகோ ருசின்யோலின் வீடு அது, இப்போது அருங்காட்சியகம். பதினாறாம் நூற்றாண்டு ஓவியர் எல் கிரேக்கோவின் இரண்டு ஓவியங்களைப் பாரிஸில் வாங்கிய மனிதர், 1894இல் அவற்றைச் சாமி புறப்பாடு மாதிரி ஊர்வலமாக ஊருக்குள் கொண்டுவந்தார். இரண்டும் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. எனக்கு அரை நாள் அந்த வீட்டிலேயே போய்விட்டது. அப்புறம், ஆகஸ்டில் மட்டும் போகாதீர்கள், மணலில் துண்டு விரிக்க இடம் கிடைக்காது. நான் போனது செப்டம்பர் கடைசியில். அப்போதும் தண்ணீர் குளிரவில்லை.