ரப்பர் மாற்றுவது ஏமாற்று வேலை இல்லை

திருகோணமலை உவர்மலை ஏற்றத்தில் நின்றுபோன அந்த மினி கார் வீடியோவை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். எனக்கே கனபேர் அனுப்பிவிட்டார்கள். பழைய காரைப் பார்த்துச் சிரித்ததை விட்டுவிடலாம். ஆனால் "கிளச் பம்புக்கு ரப்பர் மாற்றி ஓட்டினால் இப்படித்தான் நடுரோட்டில் நிற்க வேண்டும், இந்தக் கிழட்டு மெக்கானிக்மாருக்கு ஆட்களை ஏமாற்றத்தான் தெரியும்" என்று வீடியோ போட்ட அந்தத் தம்பி சொன்னாரே, அதை என்னால் விட முடியவில்லை. பொனட்டைக்கூடத் திறந்து பார்க்காமல் சொன்ன தீர்ப்பு அது. அதற்கு விருப்பம் போட்டவர்களில் என் நண்பர்களும் இருக்கிறார்கள். அதுதான் இன்னும் நோகிறது.

கிளச் பெடலை மிதிக்கும்போது ஒயிலைத் தள்ளுகிற அந்தப் பம்பைக் கழற்றும்போது நான் பக்கத்தில் நின்றேன். காரின் சொந்தக்காரரான வாத்தியார் கூப்பிட்டதால் ஞாயிற்றுக்கிழமை கராஜுக்குப் போனேன். மினியில் பிரேக்குக்கும் கிளச்சுக்கும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தகரக் குடுவைகள் இருக்கும். பிரேக் குடுவையில் ஒயில் தெளிவாக இருந்தது. கிளச் குடுவையில் இருந்ததோ பழுப்பு நிறத்தில், விரலில் தொட்டால் வழுவழுவென்று. மெக்கானிக் ஐயா பிஸ்டனைப் பிடித்திருக்கிற சேர்க்கிளிப் வளையத்தை எடுத்துவிட்டுப் பிஸ்டனை இழுத்தார், வரவில்லை. தட்டித் தட்டி எடுத்தபோது பிஸ்டனுக்கு முன்னால் ஒயிலைத் தள்ளுகிற முன்கப் ரப்பர் தண்ணீரில் ஊறிய கடலை மாதிரி உப்பிப்போயிருந்தது. மாற்று ரப்பர்கள் வருகிற கிட்டில் இருந்த புதுக் கப்பை அதன் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பழையது இனிமேல் அந்தச் சிலிண்டருக்குள் போகவே போகாது.

காரணம் விளங்குகிறதா? இடையில் எங்கேயோ ஒரு இடத்தில், ஒயில் குறைந்திருக்கிறது என்று சொல்லி யாரோ பவர் ஸ்டியரிங் ஒயிலையோ எஞ்சின் ஒயிலையோ ஊற்றியிருக்கிறார்கள். இந்தப் பம்புக்குள் இருக்கிற ரப்பர் பிரேக் ஒயிலுக்கென்றே செய்தது. டொட் 3, டொட் 4 என்று போத்தலில் போட்டிருப்பதுதான் அதற்குச் சரி. பெற்றோலிய எண்ணெய் எது பட்டாலும் உப்பும். உப்பினால் பிஸ்டன் இறுகிவிடும், திரும்பி வராது. குடுவைக்கு ஒயில் திரும்புகிற சின்னத் துளை மூடியே கிடக்கும். அழுத்தம் உள்ளே அடைபட்டுக் கிளச் முழுதாகப் பிடிக்காது. ஏற்றத்தில் எஞ்சின் இரைந்ததும் கார் நகராமல் நின்றதும் அதனால்தான். வீடியோவிலேயே அந்தச் சத்தம் தெளிவாகக் கேட்கிறது. கேட்கத் தெரிந்தவருக்குக் கேட்கும்.

ஆகவே திரும்பவும் சொல்கிறேன், ரப்பர் மாற்றியதால் அந்தக் கார் நிற்கவில்லை. பிழையான ஒயில் ஊற்றியதால் நின்றது. பெட்டி உடைக்காத புதுப் பம்பைப் பூட்டியிருந்தாலும் அந்த ஒயிலை ஊற்றினால் அதுவும் நின்றிருக்கும்.

"புதுசே வாங்கிப் போடலாம்தானே, ஏன் கஞ்சத்தனம்?" என்று கேட்பீர்கள். வாங்கலாம். மினிக்கு இன்றைக்கும் புதுப் பம்ப் செய்கிறார்கள். ஆனால் அது திருகோணமலையில் கடை கடையாகத் தொங்குகிற சாமான் இல்லை. கொழும்பில் வாகனச் சாமான் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தைக்குச் சொல்லிவிட வேண்டும், அங்கேயும் இல்லையென்றால் வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்க வேண்டும். வருகிறது நல்ல சாமானா என்பது பூட்டிய பிறகுதான் தெரியும். கையில் இருக்கிற பழைய வார்ப்பு நல்லதாக இருந்தால் அதை ஏன் வீசவேண்டும்? தேய்கிறது ரப்பர். மாற்ற வேண்டியதும் ரப்பர்.

உள்சுவர் பழுதாகியிருந்தால் கிட் போடக்கூடாது. இதை நான் மறுக்கவில்லை. அந்த ஐயாவும் மறுக்கமாட்டார். பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். நம்முடைய ஊர்க் கடற்காற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஒயிலை வருடக்கணக்காக மாற்றாமல் காரை நிறுத்தி வைத்தால் சிலிண்டருக்குள் துரு பிடித்துக் குழி விழும். அந்தக் குழியில் புது ரப்பர் உரசினால் கொஞ்ச நாளில் கிழிந்துவிடும், ஒயில் பெடலடியில் சொட்டத் தொடங்கும். லேசான கறையென்றால் தேய்த்து எடுக்கலாம். குழியென்றால் லேத்தில் கடைந்து உள்ளே பித்தளைக் குழாய் (ஸ்லீவ்) போட வேண்டும், அல்லது புதுப் பம்ப். அளவுக்கு மிஞ்சித் தேய்த்தால் துளை பெருத்து ரப்பர் பிடிக்காது. இதையெல்லாம் பார்த்து முடிவு செய்கிறதுதான் மெக்கானிக்கின் வேலை. பாராமல் "முழுசா மாத்துங்கோ" என்று சொல்வதற்கு எந்தப் படிப்பும் தேவையில்லை.

என்னுடைய அப்பா ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் வைத்து ஹயர் ஓடியவர். யுத்த காலத்தில் ஒரு சாமானுக்காகக் கொழும்புக்குப் போய் வருவதென்றால் சோதனைச்சாவடி சோதனைச்சாவடியாக இறங்கி ஏற வேண்டும். அதனால் கிட் ஒன்று கிடைத்தால் அதை அலுமாரியில் உடுப்புகளுக்கு நடுவில் வைத்திருப்பார். பம்ப் கழற்றுகிற நாளில் முற்றத்தில் வெள்ளைத் துணி விரிப்பார். பெற்றோல், மண்ணெண்ணெய் எதையும் கிட்ட வர விடமாட்டார். எல்லாவற்றையும் புது பிரேக் ஒயிலில்தான் கழுவுவார். வெளிச்சத்துக்குப் பிடித்து உள்சுவரைப் பார்த்து, நகத்தால் வருடிப் பார்ப்பார். கப் ரப்பருக்குப் பின்னால் தாள் மாதிரி ஒரு மெல்லிய வொஷர் வரும். "இதை விட்டா ரப்பரைப் பிஸ்டனில இருக்கிற ஓட்டை தின்னும் தம்பி" என்று சொல்லி அதை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, கேட்கும்போது தா என்பார். ரப்பரைப் போட விரல் மட்டும்தான், ஸ்குரூ டிரைவர் படவே கூடாது. பிறகு நான் பெடலை மிதிக்க, அவர் காருக்குக் கீழே படுத்துக் கிளச் பக்கத்தில் இருக்கிற கீழ்ப் பம்பின் நிப்பிளைத் திறந்து, ஒயிலுக்குள் அடைபட்ட எயாரை எடுப்பார். "மிதி... பிடி... விடு" என்று அவருடைய குரல் மட்டும் வரும். அந்தக் காரில் கர்ப்பிணிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார். அப்பா யாரையும் ஏமாற்றவில்லை.

"அப்பாவைப் பற்றி யார் சொன்னது, நீங்கள் ஏன் இதை உங்கள் தலையில் போட்டுக்கொள்கிறீர்கள்?" என்று ஒருவர் இன்பொக்ஸில் கேட்டார். வேறு எப்படி எடுப்பது? "இந்தக் கிழட்டு மெக்கானிக்மார்" என்று எல்லாரையும் சேர்த்துத்தானே சொன்னது. அப்பா இன்றைக்கு இருந்திருந்தால் அவரையும் இப்படித்தானே படம் பிடித்துப் போட்டிருப்பீர்கள்.

பழைய கார் காசுக்காரரின் பொழுதுபோக்காம், அதையும் ஒருவர் எழுதியிருந்தார். வாத்தியார் பென்சனில் வாழ்கிறவர். அதற்கு மேல் அந்தக் கருத்துக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்கள் மறுபடி வரத் தொடங்கியது 2025இல். அந்த இடைவெளியில்தான் 2022 வந்தது. டொலர் இல்லை, சாமான் இல்லை, பெற்றோலுக்கு வரிசை. நிலாவெளியிலும் கிண்ணியாவிலும் தம்பலகாமத்திலும் ஓடிய வான்களையும் லொறிகளையும் அப்போது யார் ஓட வைத்தார்கள்? கிட் இல்லாவிட்டால் வேறு வாகனத்தின் ரப்பரை அளந்து பார்த்துப் பொருத்திக் கொடுத்த கைகள் அவை. அப்போது எல்லாரும் "ஐயா, எப்படியாவது பார்த்துத் தாங்கோ" என்று கும்பிட்டுக்கொண்டு நின்றோம். இப்போது புது வாகனம் வரத் தொடங்கியதும் அவர்கள் ஏமாற்றுக்காரர் ஆகிவிட்டார்களா?

சரி, நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். வீடியோ பரவிய பிறகு, வேலைக்கு விட்டிருந்த வானை ஒருவர் வந்து திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஐயா ஒன்றும் பேசவில்லை, சாவியை எடுத்துக் கொடுத்தார். பேஸ்புக்கில் பதில் எழுத அவருக்குத் தெரியாது. அதனால்தான் நான் எழுதுகிறேன்.

வாத்தியாரின் காருக்கு மேல்பம்ப், கீழ்ப்பம்ப் இரண்டுக்கும் ரப்பர் மாறியாயிற்று. அந்த எண்ணெயில் ஊறிய ஹோஸையும் வீசிவிட்டுப் புதிது போட்டாயிற்று. பைப்பைக் கழுவிப் புது டொட் 4 ஊற்றி எயார் எடுத்தாயிற்று. உள்சுவர் கண்ணாடி மாதிரி இருந்தது, நான் பார்த்தேன்.

தம்பி, நீங்கள் இதை வாசிப்பீர்கள் என்று தெரியும். வீடியோவை எடுத்துவிடுங்கள். எடுக்க மனமில்லை என்றால் ஐயாவின் முகம் தெரிகிற பகுதியையாவது வெட்டிவிடுங்கள். பம்பிலிருந்து கழற்றிய பழைய ரப்பர் கராஜில்தான் இருக்கிறது. வந்து பார்க்க விரும்பினால் சொல்லுங்கள், நானும் கூட வருகிறேன்.