தடை எதுக்கு, தாமதம் போதாதா?

கொஞ்ச நாளா டைம்லைன் முழுக்க "எமர்ஜென்சி வந்துடுச்சு"ன்னு ஒரே கூச்சல். ஒரு பெரிய ஹீரோ படம் சென்சார்ல மாட்டி ரிலீஸ் தள்ளிப்போச்சாம், அதுக்குத்தான்.

அடக்குமுறையே இல்லைன்னு நான் சொல்ல வரலை. இருக்கு. ஆனா நீங்க கை காட்டுற இடத்துல இல்லை. தடைன்னு உத்தரவு போட்டா கோர்ட்டுல நிக்கிறது கஷ்டம். கலாட்டா நடக்கும்னு மிரட்டினா, அதுக்குப் பயந்து சென்சார் ஆன படத்தை முடக்கக்கூடாதுன்னு 1989லயே 'ஒரே ஒரு கிராமத்திலே' வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. அதனால தடை பண்ண மாட்டாங்க, தாமதம் பண்ணுவாங்க. அது போதும்.

டெல்லி கையில இருக்கிற சென்சார் போர்டுல, முதல்ல படம் பார்க்கிற எக்ஸாமினிங் கமிட்டி பார்க்கும், வெட்டு சொல்லும், நீங்களும் வெட்டிக் கொடுப்பீங்க. அப்புறம் பார்த்தா படம், மறுபடி முதல்ல இருந்து பார்க்கிற ரிவைசிங் கமிட்டிக்குப் போயிருக்கும். யாராவது தடைன்னு சொன்னாங்களா? இல்லை. ஆனா ரிலீஸ் தேதி போச்சு. பைனான்சியர் வட்டி மட்டும் நிக்காது. தியேட்டர் அடுத்த படத்துக்குப் போயிடும். ஓடிடிக்காரன் தேதி தள்ளிப்போச்சேன்னு ரேட்டைக் குறைப்பான். ஒரே ஒரு வார்த்தையை மியூட் பண்ணச் சொன்னாலும் அந்த ரீலுக்கு மறுபடி மிக்ஸிங், தியேட்டருக்கு அனுப்புற டிஜிட்டல் காப்பி (டிசிபி) மறுபடி, அதைத் திறக்கிற கீயும் மறுபடி. இதுல எங்கேயும் போலீஸ் ஜீப் வராது, அதனால உங்களுக்குப் போஸ்ட் போட போட்டோவும் கிடைக்காது.

முன்னாடி சென்சார் முடிவை எதிர்த்து மேல்முறையீடு பண்ண ஒரு டிரிப்யூனல், அதாவது தனித் தீர்ப்பாயம் இருந்தது. 2021 ஏப்ரல்ல அவசரச் சட்டம் போட்டுக் கலைச்சாங்க. இப்ப நேரா ஹைகோர்ட்தான். பெரிய ஹீரோ படம்னா சீனியர் வக்கீல் வந்து நிப்பார். சின்னப் படம் எடுத்தவன் வக்கீல் பீஸைக் கேட்டுட்டு, சொன்ன வெட்டுக்கெல்லாம் தலையாட்டிட்டு வருவான். அவனுக்கு ஹேஷ்டேக் கிடையாது.

"டெல்லியைத் திட்டுறியே, இங்கே?"ன்னு வருவீங்க. வாங்க. எம்.ஆர்.ராதா நாடகத்தை அடக்கக் கொண்டுவந்த 1954 சட்டம், ஸ்கிரிப்டை அதிகாரிகிட்ட காட்டச் சொன்ன சட்டம், ஹைகோர்ட் 2013ல ரத்து பண்ற வரைக்கும் இங்கே உயிரோட இருந்தது. நடுவுல எத்தனை ஆட்சி! முதலமைச்சர் நாற்காலியில உட்கார்ந்தவங்கள்ல எத்தனை பேர் சினிமா, நாடகத்துல இருந்து வந்தவங்க! அதே 2013 ஜனவரியில 'விஸ்வரூபம்' சென்சார் முடிஞ்சு நிக்குது, மாவட்டம் மாவட்டமா கலெக்டர்கள் 144 தடை உத்தரவு போட்டுப் படத்தை நிறுத்தினாங்க. தனி நீதிபதி தடையை நீக்கினார், மறுநாளே ரெண்டு நீதிபதி இருக்கிற டிவிஷன் பெஞ்ச் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வெச்சது. சில காட்சிகள்ல சத்தத்தை எடுக்க ஒத்துக்கிட்ட பிறகுதான் பிப்ரவரி 7 வந்தது. அங்கேயும் ஜெயிச்சது தாமதம்தான்.

"ஸ்டார் பேசினாதானே நாலு பேருக்குப் போய்ச் சேரும்?" சரி, நியாயம், பேசட்டும். ஆனா தன் படம் மாட்டும்போது மட்டும் ஜனநாயகம் ஞாபகம் வருதே, அதான் எரியுது. "ரெய்டு வரும்னு பயம் இருக்காதா?"ன்னா, இருக்கும். பயந்தவரை நான் குறை சொல்லலை. பயந்துக்கிட்டே புரட்சி போஸ் கொடுக்கிறவரைத்தான் சொல்றேன்.

எமர்ஜென்சின்னு சொல்றீங்களே, நடிகை ஸ்நேகலதா ரெட்டியைத் தெரியுமா? 1976ல பிடிச்சு பெங்களூரு ஜெயில்ல அடைச்சாங்க. ஆஸ்துமா முத்திப்போய், 1977 ஜனவரியில பரோல்ல விட்டாங்க. சில நாள்ல செத்துப்போனாங்க. அந்த வார்த்தையை ஒரு ரிலீஸ் தேதிக்குச் செலவழிக்காதீங்க. அவ்வளவு தூரம் வேண்டாம், 2017க்கு வாங்க. மலம் அள்ளும் தொழிலாளிகளைப் பத்தி 'கக்கூஸ்'னு ஆவணப்படம் எடுத்த திவ்யபாரதியை 2009ல நடந்த ஒரு போராட்ட வழக்கைத் தூசி தட்டி கைது பண்ணினாங்க. அன்னைக்கு உங்க டிபி மாறிச்சா? ஹீரோ இல்லாத படம், விட்டுடலாம், இல்லையா?

"நீ எந்தக் கட்சி?"ன்னு கேட்கிற தம்பிகளுக்குப் பதில் கிடையாது.

அந்த டிரிப்யூனலைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி உங்க ஹீரோவை அடுத்த ஆடியோ லாஞ்ச்ல ஒரு வரி பேசச் சொல்லுங்க. தன் படத்துக்காக இல்லாம. பேசினா அந்த வீடியோவை நானே ஷேர் பண்றேன்.