பதினேழிலிருந்து முதலிடம்: டயருக்குப் பங்கில்லையா?

2024 பிரேசில் ஃபார்முலா 1 பந்தயத்தில் 17ஆம் இடத்தில் தொடங்கி வென்ற மேக்ஸ் வெர்ஸ்டாப்பனே மிகப் பின்னாலிருந்து வென்றவர் என்றும், அதில் காருக்கோ டயருக்கோ பங்கில்லை என்றும் மதுரை ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் பரவும் செய்தி தவறானது. முன்னால் சென்ற ரஸ்ஸலும் நோரிஸும் டயர் மாற்ற உள்ளே வந்துவிட, மழையில் வெளியிலேயே இருந்த வெர்ஸ்டாப்பன் இரண்டாமிடத்துக்கு ஏறினார். சற்று நேரத்தில் சிவப்புக் கொடியால் பந்தயம் நின்றபோது, இடத்தை இழக்காமலே டயர் மாற்றும் வாய்ப்பும் கிடைத்தது. அவர் ஓட்டிய விதம் அபாரம்தான், அதில் ஐயமில்லை. ஆனால் சாதனை ஜான் வாட்சனுடையது: 1983இல் லாங் பீச்சில் 22ஆம் இடத்திலிருந்து வென்றார். அன்று 23ஆவதாகத் தொடங்கிய மெக்லாரன் அணித் தோழர் நிக்கி லாடா இரண்டாவதாக வந்ததைக் கவனித்தால், தொடக்க இடத்தை முடிவுசெய்யும் தகுதிச் சுற்றில் கைவிட்ட மிஷெலின் டயர்கள் பந்தயத்தில் இருவருக்குமே கைகொடுத்தது விளங்கும்.