சம்பள நாளில் ஒரு சிறு சந்தா

இலங்கை மலையகத்தில் அடிப்படைத் தேவைகளுக்கென நடைபெறும் நிதி சேகரிப்புகள் பெரும்பாலும் ஒரு பேரிடரின் மறுநாள் தொடங்கி, அந்தப் பேரிடர் செய்தித்தாள்களின் முதற்பக்கத்திலிருந்து இறங்கும்போது தாமும் ஓய்ந்துவிடுகின்றன என்பது இங்கு வாழும் அனைவரும் அறிந்ததே. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை மூடியபோதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடெங்கும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்து, கண்டி, நுவரெலியா, பதுளை, மாத்தளை மாவட்டங்களின் மலைச்சரிவுகளைச் சிதைத்தபோதும், முகமறியாத மனிதர்கள் பணமும் பொருளும் திரட்டி லொறிகளில் அனுப்பினார்கள். அவர்களுக்கு நாம் நன்றிக்கடன் பட்டவர்கள். எனினும், பிரதான வீதியோரத்துச் சந்திகளில் பழைய உடுப்புகள் குவிந்து கிடக்க, பாதை உடைந்த, தோட்டங்களின் மேற்பிரிவுகளில் அரிசி இன்றி அடுப்பு எரியாத நிலையையும் அதே வாரங்களில் கண்டோம். ஆகவே, இனிவரும் காலத்தில் உதவ விரும்புவோர் புதிது புதிதாக வசூல் தொடங்குவதைக் குறைத்துக்கொண்டு, தோட்டங்களிலும் அவற்றை அண்டிய சிறு நகரங்களிலும் ஏற்கெனவே இயங்கிவரும் சிறு உதவி அமைப்புகளுக்கு மாதந்தோறும் ஒரு நிலையான தொகையை, அவற்றின் நடைமுறைச் செலவுகளுக்கும் சேர்த்தே வழங்க வேண்டும் என்பது என் கருத்து.

பேரிடர் இல்லாத மாதங்களில் இங்கே தேவை இருக்காது என்று நினைப்பவர்களுக்காகச் சில எண்களைக் கூறுகிறேன். தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019ஆம் ஆண்டு வீட்டு வருமான செலவின ஆய்வின்படி, நாடளாவிய வறுமை விகிதம் 14.3 சதவீதமாக இருந்தபோது பெருந்தோட்டத் துறையில் அது 33.8 சதவீதமாக இருந்தது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடளாவிய ரீதியில் 17.3 சதவீதமாகவும் பெருந்தோட்டத்தில் 31.7 சதவீதமாகவும் இருந்தனர். இவையிரண்டும் 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்கு முன்னைய கணக்குகள். அதன் பின்னர் கோதுமை மாவின் விலையும் மண்ணெண்ணெயின் விலையும் ஏறியபோது லயத்துக் காம்பராக்களில் எந்த வேளைச் சாப்பாடு முதலில் நின்றது என்பதை அங்குள்ள தாய்மாரிடம் கேட்டால் தெரியும்.

இத்தகைய தேவைகள் சிறியவை. ஆனால் விடாமல் திரும்பி வருபவை. கொழுந்துக் காட்டிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவருக்கு ஊழியர் சேமலாப நிதி ஒரே தொகையாகக் கிடைக்கிறது. அது பிள்ளையின் கலியாணத்துக்கோ கூரைத் தகரத்துக்கோ போன பின்னர், மாதாந்த ஓய்வூதியம் என்று எதுவும் அவர் கைக்கு வருவதில்லை. “தம்பி, அரிசி எப்பிடியாவது கெடச்சிரும், கிளினிக்குக்குப் போக பஸ் காசுதான் இல்ல” என்று ஓய்வுபெற்ற ஓர் அம்மா என்னிடம் கூறியதை, உலர் உணவுப் பொதிகளை மட்டுமே உதவி என எண்ணுகிற ஒவ்வொரு நலன்விரும்பியும் கேட்டிருக்க வேண்டும். லிந்துலையிலிருந்தோ பசறையிலிருந்தோ மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போகின்ற நோயாளிக்கு அங்கே சிகிச்சை இலவசந்தான். ஆனால் போக்குவரத்துச் செலவோடு, கூடச் செல்பவர் இழக்கும் நாட்சம்பளமும் இருக்கிறதே, அது எந்த நிவாரணப் பட்டியலிலும் வருவதில்லை. 2011ஆம் ஆண்டில் நாட்டின் தென்முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து வடமுனையான பருத்தித்துறை வரை பலர் நடந்து தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலைக்காக நிதி திரட்டினார்கள். 2016இல் எதிர்த்திசையில் நடந்து காலி கராப்பிட்டிய வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவுக்காகத் திரட்டினார்கள். கட்டடத்துக்கும் கருவிக்கும் அத்தகைய பெருமுயற்சி பொருந்தும். ஆனால் ஒரு நோயாளியை ஒவ்வொரு மாதமும் அந்தக் கட்டடத்தின் வாசல்வரை கொண்டுசேர்க்க யாரும் நாட்டின் குறுக்கே நடக்கப்போவதில்லை. அதற்கு மாதம் தவறாமல் வருகின்ற சிறு பணந்தான் வேண்டும்.

மாதம் தவறாமல் கொடுப்பது நமக்குப் புதிய பழக்கமும் அல்ல. தொழிற்சங்கச் சந்தாவும் கோயில் சந்தாவும் தோட்டச் சம்பளப் பதிவேடான செக்ரோலில் பிடிபட்டு, மிச்சத்தைச் சம்பளமாகக் கையில் வாங்கிய பரம்பரை இது. அதைவிட முக்கியமாக, நம் பிரிவுகளில் மரண உதவிச் சங்கங்கள் இருக்கின்றன. ஒரு வீட்டில் இழவு விழுந்தால், அந்த வீட்டார் யாரிடமும் வாய்திறந்து கேட்பதற்கு முன்னரே பெட்டிக்கான பணமும், கதிரையும், கூடாரமும், தேநீருக்குச் சீனியும் தேயிலைத்தூளும் வந்துசேர்கின்றன. பெரிய நிறுவனங்கள் கருத்தரங்கு வைத்துத் தேடுகின்ற நம்பகத்தன்மையை இச்சங்கங்கள் ஓர் அப்பியாசக் கொப்பியை வைத்துக்கொண்டு நிலைநாட்டியிருக்கின்றன என்று நான் கருதுகிறேன். தொகை எல்லோருக்கும் ஒன்று. பொருளாளர் அடுத்த லயத்தில் இருப்பவர். ஆண்டுக் கூட்டத்தில் வரவு செலவு உரத்து வாசிக்கப்படும். கணக்கு இடித்தால் அன்றைக்கே சண்டை வரும். இதே ஒழுங்கை உயிரோடிருப்பவர்களின் பசிக்கும் மருந்துக்கும் நாம் ஏன் விரிவுபடுத்தவில்லை என்பதுதான் எனக்கு நெடுநாளாகப் புரியாத விடயம்.

சிலர் இவ்வாறு கேட்கக்கூடும்: தானே கடனில் இருக்கும் தொழிலாளியிடமா மறுபடியும் சந்தா கேட்கிறீர்கள்? நியாயமான கேள்வி. 150 குடும்பங்கள் உள்ள ஒரு பிரிவை எடுத்துக்கொள்வோம். குடும்பத்துக்கு 100 ரூபா என்றால் மாதம் 15,000 ரூபா சேரும். நாட்டரிசி கிலோ 230 ரூபா எனக் கணக்கிட்டால் அது 65 கிலோ அரிசிக்கே போதும். எனவே தோட்டத்துக்குள் திரட்டும் பணம் மட்டும் போதாது என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அதே பிரிவிலிருந்து கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் மத்திய கிழக்குக்கும் போன பிள்ளைகளில் 40 பேர் தலைக்கு 500 ரூபா அனுப்பினால் மேலும் 20,000 ரூபா வருகிறது. ஹற்றனிலோ பண்டாரவளையிலோ கடை வைத்திருப்பவர்கள், தோட்டத்தில் பிறந்து ஆசிரியர்களாகவும் அரச உத்தியோகத்தர்களாகவும் ஆனவர்கள் சேர்ந்தால் அந்தத் தொகை இன்னும் கூடும். தோட்டத்திலுள்ளவர்களின் 100 ரூபாவை நான் வலியுறுத்துவது அதன் பெறுமதிக்காக அல்ல. அதைக் கொடுத்தவருக்கு, கூட்டத்தில் எழுந்து “பணம் எங்கே போனது” என்று கேட்கும் உரிமை உண்டு என்பதற்காக. வெளியிலிருந்து மட்டும் பணம் வருகிற அமைப்பில் அந்தக் கேள்வியைக் கேட்க உள்ளூரில் எவரும் இருப்பதில்லை.

இனி, நன்கொடையாளர்கள் சிலருக்கு உவப்பில்லாத ஒன்றைக் கூறவேண்டியிருக்கிறது. “எங்கள் பணத்தில் ஒரு சதமும் நிர்வாகச் செலவுக்குப் போகக்கூடாது, முழுவதும் பயனாளிகளுக்கே சேரவேண்டும்” என்ற நிபந்தனை கேட்பதற்கு நேர்மையாகத் தோன்றினாலும், மலைநாட்டில் அது உதவியையே முடக்குகின்ற நிபந்தனையாகும். நகரத்தில் மொத்த விலைக்கு வாங்கிய மாவும் பருப்பும் தாமாகவே மேற்பிரிவுக்கு ஏறிவிடுவதில்லை. லொறி வாடகை வேண்டும். லொறி போகாத பாதையில் ஆட்டோவோ டிராக்டரோ வேண்டும். அதுவும் போகாத இடத்தில் சுமந்துசெல்ல ஆள் வேண்டும். பொருளை மழையில் நனையாமல் வைக்க ஓர் அறை வேண்டும். இவற்றுக்குப் பணம் இல்லாதபோது இரண்டில் ஒன்றே நடக்கிறது: தொண்டர் தன் கைக்காசைப் போட்டு சில மாதங்களில் சலித்து விலகுகிறார், அல்லது பொதிகள் தார்ப்பாதையோரத்து லயங்களுக்கே மீண்டும் மீண்டும் கொடுக்கப்படுகின்றன. பாதையோரத்தில் இருப்பவர்கள் எப்போதும் பெறுபவர்களாகவும், உச்சியில் இருப்பவர்கள் எப்போதும் கேள்விப்படுபவர்களாகவும் இருப்பதற்குப் பாகுபாட்டைவிட எரிபொருள் செலவே பெரிய காரணம் என்று நான் நம்புகிறேன். ஆகையால், வண்டிக்கூலிக்கும் கணக்கு எழுதுபவரின் சிறு கொடுப்பனவுக்கும் என்றே வெளிப்படையாக நிதி கொடுப்பவர், 50 பொதி கொடுப்பவரைவிடப் பெரிய உதவியைச் செய்கிறார்.

முடிந்த இடங்களில் பொருளுக்குப் பதிலாகப் பணமாகவோ, தோட்டக் கடையில் மாற்றிக்கொள்ளக்கூடிய சீட்டாகவோ கொடுப்பதையும் நான் ஆதரிக்கிறேன். பணம் கொடுத்தால் குடித்துவிடுவார்கள் என்று உடனே ஒரு குரல் எழும். அந்த அச்சம் சில வீடுகளில் உண்மையானதே. அதனால்தான் சீட்டை வீட்டுப் பெண்ணின் பெயரில் எழுத வேண்டும் என்கிறேன். ஆனால் ஒரு முழு சமூகத்தையும் சந்தேகித்து, எல்லோருக்கும் ஒரே பொதியைக் கட்டிக் கொடுப்பதால், நீரிழிவு நோயாளியின் வீட்டில் சீனியும், கைக்குழந்தை இருக்கும் வீட்டில் பால்மாவுக்குப் பதிலாகச் சோயாவும் சேர்கின்றன.

படம் பிடிப்பதைப் பற்றி நீளமாக எழுதப்போவதில்லை. பாடசாலையில் மாணவிகளை வரிசையாக நிறுத்தி, சுகாதார அணையாடைப் பொதிகளைக் கையில் கொடுத்துப் படமெடுத்து முகநூலில் இடுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். கொடுத்ததற்கு அத்தாட்சி வேண்டுமென்றால் பற்றுச்சீட்டையும் கடைப் பட்டியலையும் படமெடுத்து வெளியிடுங்கள். நன்கொடையாளருக்குத் தெரியவேண்டியது அவ்வளவுதான்.

இத்தகைய சேகரிப்புகள் தோட்டக் கம்பனிகளையும் அரசாங்கத்தையும் தமது கடமையிலிருந்து தப்பவிடும் என்று கூறும் தொழிற்சங்க நண்பர்களோடு எனக்குப் பெரிய முரண்பாடில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக இருந்ததும், 2018இல் திருத்தப்பட்ட பின்னரே அந்தத் தடை நீங்கியதும் நினைவிருக்கட்டும். சட்டமே நம்மை ஒதுக்கி வைத்திருந்த காலத்தின் பாக்கியைச் சந்தாவால் தீர்க்க முடியாது. குடிநீர்க் குழாய், மலசலகூடம், பாதை, பாதுகாப்பான இடத்தில் காணி ஆகியவற்றுக்காக நாம் பணம் திரட்டக்கூடாது என்றே நான் சொல்வேன். அவை கேட்டுப் பெறவேண்டியவை. ஆனால் மாதந்தோறும் யாருக்கு எதற்காக உதவினோம் என்று ஒழுங்காக எழுதப்பட்ட பதிவேடு ஒன்று இருந்தால், ஒரே லயத்துப் பிள்ளைகளுக்கே வயிற்றோட்டத்துக்காக மீண்டும் மீண்டும் உதவ நேர்ந்தது எந்த நீர்த்தொட்டியால் என்பதைப் பிரதேச சபைக் கூட்டத்திலும் தோட்ட முகாமையாளரான துரையின் மேசையிலும் காட்ட முடியும். வெறுங்கையோடு போய்க் கேட்பதற்கும், பெயரும் திகதியும் உள்ள பதிவேட்டோடு போய்க் கேட்பதற்கும் பதிலில் வேறுபாடு இருக்கிறது.

இதை வாசித்துவிட்டு எந்தக் கணக்கிலக்கத்துக்குப் பணம் அனுப்புவது என்று உள்பெட்டியில் கேட்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நான் எந்த இலக்கத்தையும் தரப்போவதில்லை. உங்கள் பிரிவிலோ, உங்கள் பெற்றோர் பிறந்த பிரிவிலோ இயங்கும் மரண உதவிச் சங்கம், மாதர் சங்கம், கோயில் சபை, தேவாலயப் பங்குச் சபை, பள்ளிவாசல் குழு ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அது பிரதேச செயலகத்தில் பதிவுசெய்யப்பட்டதா, வங்கியிலிருந்து பணம் எடுக்க இருவரின் கையொப்பம் வேண்டுமா, கடந்த ஆண்டின் கணக்கைக் கூட்டத்தில் வாசித்தார்களா, அது மாற்று மதத்தவருக்கும் வேறு சங்கத்தவருக்கும் உதவியிருக்கிறதா என்று கேளுங்கள். பதில்கள் திருப்தியாக இருந்தால், சம்பளம் விழுகிற நாளிலேயே போய்ச்சேரும்படி வங்கியில் ஒரு நிலையான கட்டளையை இட்டு, குறைந்தது ஓராண்டுக்கு அதை மாற்றாமல் விடுங்கள்.