தழும்பைப் படித்த நீதிமன்றம்

பிரித்தானியாவில் தஞ்சக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர் 14 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும் என்று, தஞ்ச மேல்முறையீடு பற்றி வெளியான கட்டுரை கூறுவது சரியே. ஆயினும் அந்த நாட்கள் கடிதம் கையில் கிடைத்த நாளிலிருந்து அல்ல, அது அனுப்பப்பட்ட நாளிலிருந்தே எண்ணப்படுகின்றன என்பதையும் சொல்லியிருக்கலாம்.

மேல்முறையீட்டைக் 'கதையை மறுபடியும் சொல்வது' என்று கட்டுரையாளர் குறிப்பிடுவதை என்னால் ஏற்க இயலவில்லை. நிராகரிப்புக் கடிதம் எதையெதை நம்பவில்லையோ, அவை ஒவ்வொன்றுக்கும் சான்றோடு விடை சொல்லியாக வேண்டும். சித்தப்பா, பெரியப்பா, மாமா மூவரும் மொழிபெயர்ப்பில் 'அங்கிள்' என்ற ஒரே ஆளாகிவிடுவதால், வாக்குமூலம் முரண்படுவதாகத் தோன்றுவதும் உண்டு. (நம் உறவுமுறைகள் ஆங்கிலத்தில் படும் பாடு தனிக்கதை.)

மருத்துவச் சான்றின் எடையை அறிய 'கே.வி.' என்ற முதலெழுத்துகளால் அறியப்படும் இலங்கைத் தமிழரின் வழக்கைப் பார்க்கலாம். சித்திரவதையின்போது சூடான உலோகக் கம்பியால் சுடப்பட்டதாக அவர் கூறினார். கையிலிருந்த தழும்புகளின் ஓரம் மங்கலாகவும் முதுகிலிருந்தவற்றின் ஓரம் துல்லியமாகவும் இருந்தன. கையைச் சுட்டபோது நினைவிருந்ததால் உதறினார், முதுகைச் சுட்டபோது நினைவிழந்திருந்தார் என்ற விளக்கத்தோடு அது பொருந்தியது. தஞ்சம் பெறுவதற்காகத் தானே பிறரைக் கொண்டு சுட்டுக்கொண்டிருக்கலாம் என்ற ஐயத்தால் கீழ்நிலைகளில் தோற்ற அவருக்கு, 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அத்தகைய செயல் மிக அரிது என்பதற்கு உரிய எடை தர வேண்டும் என்று கூறி, வழக்கை மறுவிசாரணைக்கு அனுப்பியது. எனவே, தழும்புள்ளவர்கள் மருத்துவ அறிக்கைக்கான ஏற்பாட்டை விசாரணைத் தேதி வரும்வரை தள்ளிப்போடாமல், மேல்முறையீட்டுப் படிவத்தை அனுப்பும்போதே தம் வழக்கறிஞரிடம் கேட்டுத் தொடங்கிவிட வேண்டும்.