யெல்லோஸ்டோனை அன்று காத்தவர்கள்

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவைத் தொடக்கம் முதலே தேசியப் பூங்காத் துறைதான் காத்தது என்று ஒரு பதிவில் எழுதியிருப்பது தவறு. பூங்கா 1872-இல் உருவானது. அந்தத் துறை பிறந்ததோ 1916-இல். 1886 ஆகஸ்டில் கேப்டன் மோசஸ் ஹாரிஸ் தலைமையில் குதிரைப்படை வந்து பொறுப்பேற்றது. 1918-இல்தான் ராணுவம் இறுதியாக வெளியேறியது. அதுவரை வீரர்களுக்குக் கோடையில் குதிரை மேல் ரோந்து. பனிக்காலத்தில் நீண்ட மரச் சறுக்குக் கட்டைகளைக் காலில் கட்டிக்கொண்டு போவார்கள். இரவில் ஒதுங்கக் காட்டுக்குள் சிறு மரக்குடில்கள் இருந்தன.

இத்தனை பாடுபட்டு வேட்டைக்காரனைப் பிடித்தாலும் பூங்காவை விட்டு விரட்டத்தான் முடிந்தது, தண்டிக்கச் சட்டமில்லை. எவ்வளவு பெரிய கொடுமை! 1894 மார்ச்சில் காட்டெருமைகளைச் சுட்டுத் தோலுரித்துக்கொண்டிருந்த எட் ஹோவெல் என்ற வேட்டைக்காரன் கையும் களவுமாகச் சிக்கிய பிறகே, மே மாதம் சிறைத்தண்டனைக்கு வழிசெய்யும் சட்டம் வந்தது. அந்தப் பதிவைத் திருத்திவிடுங்கள்.